தில்லியும் பட்னாவும்: ஆசிரியர் ஊதியமும் ஊர்ச் செலவும்

எட்டாவது ஊதியக்குழுவை அமைக்க 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது முதல், எந்த ஊரில் ஆசிரியப் பணி கட்டுப்படியாகும் என்ற விவாதம் ஆய்வு மாணவர்களிடையே மீண்டும் எழுந்திருக்கிறது. தில்லியில் ஊதியம் அதிகம், வாடகையும் அதிகம். பட்னாவில் இரண்டும் குறைவு. ஆகவே கணக்கு நேராகிவிடும் என்பது வழக்கமான வாதம். கடந்த இருபதாண்டு வரலாற்றின் முன் இவ்வாதம் நிற்பதில்லை. இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள ஊதிய வேறுபாட்டைவிட, பட்னாவிலேயே இருவேறு பள்ளிகளில் ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தும் இரு ஆசிரியர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது.

கேந்திரிய வித்யாலயாவில் புதிதாகச் சேரும் பட்டதாரி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக்குழுவின்படி அவருடைய அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். தில்லியாயினும் பட்னாவாயினும் அதுவே. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டபோது அதன் தொகை 22,450 ரூபாய்; அதிலும் ஊர் வேறுபாடு இல்லை. உயர்வீதப் போக்குவரத்துப்படி பெறும் 19 நகரங்களின் பட்டியலில் தில்லியோடு பட்னாவும் இருப்பதால் அங்கும் வேறுபாடு இல்லை. எஞ்சுவது வீட்டு வாடகைப்படி மட்டுமே. தில்லி 'எக்ஸ்' வகை நகரம், 30 விழுக்காடு, 13,470 ரூபாய். பட்னா 'ஒய்' வகை, 20 விழுக்காடு, 8,980 ரூபாய். ஆக, நாட்டின் தலைநகருக்கும் பீகாரின் தலைநகருக்கும் இடையே அரசு கணக்கிடும் வாழ்க்கைச் செலவின் முழு வேறுபாடும் மாதம் 4,490 ரூபாய்தான்.

இந்த அளவுகோலின் தன்மையைக் கவனிக்க வேண்டும். நகரங்களை வகைப்படுத்துவது வாடகையைக் கொண்டு அன்று, மக்கள்தொகையைக் கொண்டு. 50 லட்சத்துக்கு மேல் 'எக்ஸ்', 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை 'ஒய்'. அகவிலைப்படியோ 88 மையங்களின் விலைகளைச் சேர்த்துப் பெறும் அனைத்திந்தியக் குறியீட்டெண்ணைச் சார்ந்தது. பட்னாவில் வெங்காயம் விலையேறினாலும் இறங்கினாலும் அங்குள்ள ஆசிரியருக்கென்று தனியே எதுவும் மாறாது. பெருநகர வாழ்வுக்கென்றே வழங்கப்பட்டுவந்த நகர ஈட்டுப்படியையும் ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பின் போக்குவரத்துப்படிக்குள் கரைத்துவிட்டார்கள். தில்லியின் வாடகை தாளாமல் மக்கள் குடியேறும் நொய்டா, காசியாபாத், பரீதாபாத், குருகிராம் ஆகியவற்றுக்குத் தில்லிக்கு இணையான வாடகைப்படி தரப்படுகிறது. விதிக்கு வெளியே யதார்த்தத்தை ஒப்புக்கொண்ட அரிய இடம் இது என்பேன்.

செலவின் பக்கமும் அவ்வளவு நேரானதன்று. தில்லியில் 2019 ஆகஸ்டு முதல் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தது. பீகாரில் 125 யூனிட் இலவச மின்சாரம் 2025 ஆகஸ்டில்தான் தொடங்கியது. ஆனால் உரிமையாளரின் துணை மீட்டருக்குப் பணம் கட்டும் வாடகைக் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் போய்ச்சேருவதில்லை.

இப்போது பட்னாவின் அரசுப் பள்ளிக்குள் செல்வோம். 2000-களின் தொடக்கத்தில் பீகார், 'சிக்‌ஷா மித்ரா' என்ற பெயரில் மாதம் 1,500 ரூபாய்க்கு ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்தியது. 2006 விதிகள் அவர்களை ஊராட்சி, நகராட்சி அமைப்புகளின் பணியாளர்களாக்கின. பயிற்சி பெற்றவருக்கு 5,000, பெறாதவருக்கு 4,000 ரூபாய் தொகுப்பூதியம். இவர்களே 'நியோஜித்' ஆசிரியர்கள். அச்சொல்லின் நேர்ப்பொருள் பணியமர்த்தப்பட்டவர் என்பதுதான். பீகாரில் அது ஒரு தாழ்நிலையின் பெயராகிவிட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2015இல் ஊதிய விகிதம் கிடைத்தது. பழைய நிரந்தர ஆசிரியரோடு சமநிலை கிடைக்கவில்லை. 2017 அக்டோபர் 31 அன்று பட்னா உயர்நீதிமன்றம் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்க ஆணையிட்டது. 2019 மே 10 அன்று உச்சநீதிமன்றம் அதை இரத்து செய்தது. பழைய ஆசிரியர்கள் மறைந்துவரும் பணித்தொகுதி, தேர்வு முறை வேறு, மாநிலத்தின் நிதிவளம் குறைவு என்பன ஏற்கப்பட்ட வாதங்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாட்டை இதே நீதிமன்றம் 1982இல் ரண்தீர் சிங் வழக்கில், தில்லி காவல்துறையின் ஓர் ஓட்டுநருக்காக நிலைநாட்டியது என்பதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. கல்வியுரிமைச் சட்டம் இங்குத் துணைக்கு வரவில்லை. அதன் 23ஆம் பிரிவு ஆசிரியர் ஊதியத்தை அரசு நிர்ணயிக்கும் என்கிறதே தவிர, அளவு எதையும் சொல்வதில்லை.

2023 விதிகளின்படி பீகார் தேர்வாணையம் வழியே வந்த ஆசிரியருக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அடிப்படை ஊதியம் 31,000 ரூபாய். பட்னாவிலேயே அவ்வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் கேந்திரிய வித்யாலயா ஆசிரியரைவிட 13,900 குறைவு. 50 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் இடைவெளி 20,850. இருவரும் அரிசி வாங்குவது ஒரே சந்தையில். அகவிலைப்படி விழுக்காட்டில் கணக்கிடப்படுவதால், விலைவாசி ஏறும்போதெல்லாம் குறைந்த ஊதியக்காரருக்குக் குறைந்த ஈடே கிடைக்கிறது. விலைவாசி என்ற ஒன்று உண்டு, அது இருவருக்கும் பொது என்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

தில்லியிலும் இதே பிளவு உண்டு. அரசுப் பள்ளிகளின் விருந்தினர் ஆசிரியர்களுக்குப் பணியாற்றிய நாளுக்கே கூலி. கோடை விடுமுறையில் வாடகை மட்டும் விடுமுறை எடுப்பதில்லை. 2012இல் மாநகராட்சி மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் வடக்கு மாநகராட்சியின் நிரந்தர ஆசிரியர்களே மாதக்கணக்கில் ஊதியமின்றி நீதிமன்றம் சென்றார்கள். அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளி, அரசுப் பள்ளிக்குக் குறையாமல் ஊதியம் தர வேண்டுமென்கிறது 1973ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக்கல்விச் சட்டம், பிரிவு 10. நல்ல சட்டம், வங்கியில் ஏறிய பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்கிறார்கள் என்ற புகாரும் அச்சட்டத்தோடு கூடவே வளர்ந்தது.

2023இல் சுமார் 1.70 லட்சம் இடங்களுக்கு அறிவிப்பு வெளியானபோது, பீகாரில் வசிப்பவராக இருக்க வேண்டுமென்ற நிபந்தனை நீக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிக்கு 25,000 ரூபாய் அடிப்படை ஊதியத்துக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து பெருந்திரளாக வந்து தேர்வெழுதினார்கள். அம்மாநிலத்தின் சிக்‌ஷா மித்ராக்களுக்கு, 2017இல் உச்சநீதிமன்றம் அவர்களது பணிநிரந்தரத்தை இரத்து செய்தபின், நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் 10,000 ரூபாய்.