தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் கைபேசியும்: பெற்றோருக்கான வழிகாட்டுதல்

கொரோனா காலத்தில் பல வீடுகளில் கைபேசியே வகுப்பறையானது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அதன் பின்னரும் கைபேசி குழந்தைகளின் கையைவிட்டு அகலவில்லை. வடபழனி போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இது நேர்வது இயல்பே. எனவே கைபேசியை அடியோடு தடை செய்வதைவிட, அதை எவ்வளவு நேரம், எதற்காக, யாருடன் பயன்படுத்துவது என்று குழந்தைக்குக் கற்பிப்பதே பயன் தரும்.

எவ்வளவு நேரம்?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரைப்படி, 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமலும், 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாகவும் திரை நேரம் இருத்தல் வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும் நேரமும் இதில் அடங்கும்.

• உணவு உண்ணும்போதும், உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தும் திரை வேண்டாம்.
• 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 விநாடிகள் பார்க்கச் சொல்லுங்கள்.
• நாள்தோறும் திறந்தவெளியில் விளையாடச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பைக் குறைக்கும்.

பார்ப்பதிலிருந்து படைப்பதற்கு

அரைமணி நேரம் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் குழந்தையும், அதே அரைமணி நேரத்தில் ஒன்றை உருவாக்கும் குழந்தையும் ஒன்றல்லர். வடபழனி திரைப்படத் தளங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி. உங்கள் குழந்தையும் ஒரு சிறு படம் எடுக்கலாம். முதலில் கதையைத் தாளில் எழுதி வரையட்டும். பின்னர் களிமண் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு புகைப்படம் எடுக்கட்டும். விநாடிக்கு 12 படங்கள் வீதம் 120 படங்களை இணைத்தால் பத்து விநாடிப் படம் கிடைக்கும். இதில் பெரும்பகுதி வேலை திரைக்கு வெளியே நடைபெறுகிறது.

பாட்டி சொல்லும் கதையை ஒலிப்பதிவு செய்தல், தெருவிலுள்ள மரங்களைப் படமெடுத்துப் பெயர் எழுதுதல் ஆகியவையும் நல்ல பயிற்சிகளே. ஐந்து முதல் ஏழு வயதினருக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், எட்டு வயது முதல் ஸ்கிராட்ச் ஆகிய கட்டணமற்ற நிரலாக்கச் செயலிகள் உள்ளன. தொடக்கத்தில் நீங்களும் அருகில் அமருங்கள்.

குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியவை

• பெயர், பள்ளி, முகவரி, ஓடிபி எண் ஆகியவற்றை எவரிடமும் பகிரக்கூடாது.
• பிறரைப் படமெடுக்கும் முன் அனுமதி பெற வேண்டும்.
• அச்சமூட்டும் எதைக் கண்டாலும் உடனே பெற்றோரிடம் கூற வேண்டும்.

கடைசி விதி உங்களைப் பொறுத்தே நிலைக்கும். குழந்தை வந்து சொன்னவுடன் திட்டிக் கைபேசியைப் பறித்தால், அடுத்த முறை அது மறைத்துவிடும். முதலில் "சொன்னது நல்லது" என்று கூறுங்கள். மேலும், வயதைக் கூட்டிக் காட்டிக் குழந்தைக்குச் சமூக ஊடகக் கணக்கு தொடங்கித் தராதீர்கள். 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கரும்பலகையைக் கண்களைச் சுருக்கிப் பார்த்தல், அடிக்கடி தலைவலி, உறக்கக் குறைவு, விளையாட்டில் நாட்டமின்மை, கைபேசியை வாங்கினால் கட்டுக்கடங்காத கோபம் ஆகியவை தொடர்ந்து இருந்தால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். கண் தொடர்பான உயர் சிகிச்சை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கிடைக்கிறது.

உதவி எண்கள்: மனநல ஆலோசனை 14416, குழந்தைகள் உதவி 1098, இணையவழிப் பண மோசடிப் புகார் 1930.

குழந்தை நம் சொல்லைவிட நம் செயலையே பின்பற்றும். இன்றிரவு உணவு வேளையில் முதலில் உங்கள் கைபேசியை எடுத்து வையுங்கள்.