நெடுஞ்சாலையில் நீட்டிய கை



வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அரண்மனைகளும் போர்க்களங்களுமே ஆகும். சாலைகள் எளிதில் தோன்றுவதில்லை. ஆயினும், அரசு குடிமகனை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களுள் சாலைக்கு ஈடானது பிறிதொன்றும் இல்லை எனலாம். வாழ்நாளில் ஒருமுறையேனும் நீதிமன்றத்தின் படியை மிதியாதவர் பலர் உளர். சாலையில் கால் வையாதவர் எவரும் இலர். அங்கே சீருடை அணிந்த ஒருவர் கையை நீட்டுகிறார், வண்டி நிற்கிறது. நிறுத்தியவர் யார், நின்றவர் யார் என்பதை இருவரும் அறியார். அடுத்த சில நிமிடங்களில் என்ன நிகழும் என்பதையும் அறியார்.

சில நாட்களுக்கு முன் என் வகுப்பு மாணவர் ஒருவர், "சாலைக் காவலுக்குமா ஐயா வரலாறு உண்டு?" என்று வினவினார். உண்டு என்றேன். அதற்குச் சான்றாக அன்று நான் அவருக்குச் சொன்ன வரலாற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறேன். அஃது அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தின் நெடுஞ்சாலைக் காவற்படையின் வரலாறு ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் மோட்டார் வண்டிகள் விரைந்து பெருகின. சாலைகளுக்கோ பொதுவான காவல் இல்லை. நம் நாட்டு மாவட்டத்தை ஒத்த பிரிவுக்கு அங்கே கவுண்டி என்று பெயர். ஒவ்வொரு கவுண்டியும் தனக்கென்று சாலைக் காவலரை அமர்த்திக்கொண்டது. ஓரிடத்தின் நடைமுறை மற்றோரிடத்தில் செல்லாது. அக்காலத்தில் ஒரு வழக்கம் பரவலாக இருந்தது. சாலையில் இரண்டு அடையாளங்களை இட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்து வைத்துக்கொள்வர். வண்டி அத்தொலைவைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் கணித்து, வேகம் மிகுதி என்று கண்டால் நிறுத்தித் தண்டம் விதிப்பர். காவலர் பெரும்பாலும் புதர்மறைவில் இருப்பார். இதனை மக்கள் 'வேகப்பொறி' என்று அழைத்தனர். எலிக்கு வைக்கும் பொறியை நினைந்து இட்ட பெயர் அது. காவலர் நம்மைக் காக்க நிற்கின்றாரா, நம் பணப்பையை நோக்கி நிற்கின்றாரா என்ற ஐயம் மக்கள் உள்ளத்தில் எழுந்தது.

இந்த ஐயத்திற்கு விடையாக வந்ததே 1923ஆம் ஆண்டின் வாகனச் சட்டம். அது வேகப்பொறியைத் தடை செய்தது. அம்முறையால் திரட்டிய சான்று நீதிமன்றத்தில் செல்லாது என்பது இன்றளவும் அம்மாநிலத்தின் சட்டமாக நிலவுகிறது. போக்குவரத்துச் சட்டத்தைச் செயற்படுத்துவதையே தம் முதன்மையான பணியாகக் கொண்ட காவலர், முழுச் சீருடை அணிந்திருத்தல் வேண்டும். அவர் செலுத்தும் வண்டி தனித்த வண்ணம் பூசப்பெற்று எவரும் எளிதில் அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது. இதன் உட்பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒளிந்திருந்து பிடிப்பது வேட்டை. கண்ணுக்குத் தெரிய நின்று தடுப்பதே காவல். கருப்பும் வெள்ளையுமாய் வண்ணம் தீட்டிய வண்டியும், அதன் கதவில் பொறித்த விண்மீன் சின்னமும் இந்தக் கொள்கையின் வெளித்தோற்றமே ஆகும்.

1929ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், மாநிலம் முழுமைக்கும் பொதுவான நெடுஞ்சாலைக் காவற்படை தோன்றியது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் காவல் அதிகாரியாய் இருந்த யூஜின் பிஸ்கைலூஸ் என்பவர் அதனை உருவாக்கி, அதன் முதல் தலைவராகவும் விளங்கினார். பத்தாண்டுகளுக்குள் சீருடையணிந்தோர் ஏறத்தாழ 730 பேர் அதில் இருந்தனர். 1940ஆம் ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸையும் பாசடீனாவையும் இணைக்கும் விரைவுச்சாலை திறக்கப்பெற்றது. குறுக்குச் சாலை இன்றி வண்டிகள் தடையற ஓடும் புதிய காலம் பிறந்தது. 1947இல் காவற்படை தனித்துறையாயிற்று. 1995இல் மாநிலப் போலீஸ் அமைப்பும் அதனுடன் இணைக்கப்பெற்றது.

இனி, அக்காவலரின் அன்றாடப் பணியைக் காண்போம். தண்டச் சீட்டு எழுதுவது அதில் ஒரு பகுதியே ஆகும். விரைவுச்சாலையின் நடுவே ஏணி ஒன்றோ, லாரியிலிருந்து நழுவிய மூட்டையோ கிடக்கிறது என வைத்துக்கொள்வோம். அதனை எடுக்க வேண்டுமாயின், ஓடும் வண்டிகள் அனைத்தையும் மெல்லச் செல்லச் செய்தல் வேண்டும். அதற்கு ஒரே ஒரு காவல் வண்டி போதும். அது விளக்குகளைச் சுழலவிட்டு, எல்லா வண்டிகளுக்கும் முன்னே சென்று, சாலையின் இடக்கோடி முதல் வலக்கோடி வரை பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடும். பின்வரும் நூற்றுக்கணக்கான வண்டிகள் அதனை முந்த இயலாமல் தாமே வேகம் குறைக்கும். அதற்குள் மற்றொருவர் தடையை அகற்றிவிடுவார்.

கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் நிலத்தோடு ஒட்டி ஒரு மூடுபனி எழும். அதன் அடர்த்தியில் முன்செல்லும் வண்டியின் பின்விளக்கும் புலப்படாது. ஒரு வண்டி நின்றால் பல வண்டிகள் அடுத்தடுத்து மோதி நொறுங்கும் கொடுமை அங்கே நிகழ்ந்ததுண்டு. அத்தகைய வேளைகளில் காவலர் முன்னே மெல்லச் செல்ல, வண்டிகள் வரிசையாய்ப் பின்தொடரும். குருடருக்குக் கோல் பிடித்து வழிகாட்டுவதை ஒத்த பணி அது. மலைக் கணவாய்களில் பனி பொழியும்போதும் இவ்வாறே வழிநடத்துவர். ஆளரவம் குறைந்த தொலைவிடங்களில் காவலர் அங்கேயே குடியிருந்து, தம் இல்லத்திலிருந்தே பணிக்குப் புறப்படும் ஏற்பாடும் உண்டு. அங்கே அவர் அவ்வூராருள் ஒருவராகவே வாழ்கிறார். நேற்று அவர் தண்டித்தவரை இன்று கடைத்தெருவில் சந்திக்க நேரும். இத்தகைய வாழ்வில் நேர்மை தவறுதல் எளிதன்று.

ஆனால், நேயர்களே, நான் தொடக்கத்தில் கூறிய அந்தச் சில நிமிடங்கள் எப்போதும் அமைதியாய் முடிவதில்லை. அவற்றின் பொருளை உணர்த்தும் இரண்டு நிகழ்ச்சிகள் இவ்வரலாற்றில் உள்ளன. ஒன்று அதிகாரத்தின் பொறுப்பை உணர்த்துவது. மற்றொன்று அதிகாரத்தை ஏந்தியவரின் ஆபத்தை உணர்த்துவது.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மாலை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதிக்கு அருகே, மோட்டார் சைக்கிளில் வந்த காவலர் ஒருவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்ற ஐயத்தின்பேரில் ஒரு கருப்பின இளைஞரை நிறுத்தினார். உடன் அவருடைய சகோதரர் இருந்தார். அருகில் இருந்த இல்லத்திலிருந்து தாயும் வந்தார். மக்கள் கூடினர். சொல் தடித்தது, கைகலப்பு மூண்டது, மூவரும் கைதாயினர். அன்றிரவு தொடங்கிய கலவரம் ஆறு நாள் நீடித்தது. 34 பேர் மாண்டனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஒரு வண்டியை நிறுத்தியதா இவ்வளவுக்கும் காரணம்? அன்று. பின்னர் ஜான் மெக்கோன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, வேலையின்மை, தரங்குன்றிய பள்ளிகள், போலீசாருக்கும் மக்களுக்கும் இடையே நிலவிய கசப்பு ஆகியவற்றைச் சுட்டியது. உலர்ந்த வைக்கோல் நெடுநாளாகக் குவிந்து கிடந்தது. பொறி விழுந்த இடம் சாலையோரமாக அமைந்தது. காவலர் கை நீட்டி ஒரு வண்டியை நிறுத்தும்போது, தாம் செய்யாத அநீதிகளின் நினைவும் அவ்வண்டிக்குள் அமர்ந்திருக்கலாம் என்பதை வாட்ஸ் உலகிற்கு உணர்த்தியது.

காவற்படையே அச்சமூகத்தின் முகத்தைப் பிரதிபலித்தல் வேண்டும் என்னும் எண்ணமும் மெல்லவே வேரூன்றியது. ஹோமர் காரட் என்னும் கருப்பினத்தவர் 1942லேயே இப்படையில் சேர்ந்தார்; அவ்வினத்திலிருந்து சேர்ந்தவருள் அவரே முதல்வர். பின்னாளில் அவர் நீதித்துறையிலும் பதவி வகித்தார். பெண்கள் சாலைக் காவலர் பயிற்சிக்கு முதன்முறையாக ஏற்கப்பெற்றது 1974ஆம் ஆண்டில்தான். படை பிறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே அக்கதவு திறந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், நள்ளிரவை ஒட்டிய வேளையில் நிகழ்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே நியூஹால் என்னும் ஊர். வண்டியில் சென்ற ஒருவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினான் என்று தகவல் வந்தது. காவலர் இருவர் அவ்வண்டியைப் பின்தொடர்ந்து, ஓர் உணவு விடுதியின் அருகே நிறுத்தினர். உள்ளே கொடிய குற்றவாளிகள் இருவர் இருந்தனர். வண்டியை அணுகிய காவலர் சுடப்பட்டு வீழ்ந்தார். அவருடைய துணைவரும் வீழ்ந்தார். உதவிக்கு விரைந்து வந்த மற்றும் இருவரும் வீழ்ந்தனர். ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. வால்ட் ஃபிராகோ, ரோஜர் கோர், ஜேம்ஸ் பென்ஸ், ஜார்ஜ் ஆலின் என்பன அந்நால்வரின் பெயர்கள். இருவருக்கு வயது 23. இருவருக்கு வயது 24. நான்கு இளம்பெண்கள் கைம்பெண் ஆயினர். ஏழு குழந்தைகள் தந்தையை இழந்தனர்.

அவ்விருளில் மற்றொரு காட்சியும் உண்டு. அவ்வழியே வேலைக்குச் சென்றுகொண்டிருந்த குடிமகன் ஒருவர் நடப்பதைக் கண்டார். தம் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியிருப்பின் அவரை யாரும் பழித்திரார். அவரோ குண்டுகளுக்கிடையே ஓடிச் சென்று, வீழ்ந்து கிடந்த காவலரைப் பாதுகாப்பான இடத்திற்கு இழுக்க முயன்றார். இயலாதுபோகவே, அருகில் கிடந்த துப்பாக்கியை எடுத்துக் கொலைஞரை எதிர்த்தும் நின்றார். காவலர் மக்களைக் காப்பர் என்பது சட்டம். அந்த இரவில் ஒரு குடிமகன் காவலரைக் காக்க ஓடினார். அதனை எந்தச் சட்டமும் அவருக்கு விதிக்கவில்லை.

கண்ணுக்குத் தெரிய நிற்றல் வேண்டும் என்னும் கொள்கைக்குரிய விலையை அன்றிரவு அந்நால்வரும் கொடுத்தனர். படை தன் துயரத்தோடு அமைந்துவிடவில்லை. தன் முறைகளைத் தானே ஆராய்ந்தது. ஆபத்தானவர் என்று ஐயுறும் வண்டியை நிறுத்தும்போது, உதவி வரும் வரை பொறுத்திருத்தல், அருகே செல்லாது தொலைவில் மறைவாய் நின்று உள்ளிருப்போரை வெளிவரச் செய்தல் முதலிய முறைகள் பயிற்சியில் உறுதியாய் இடம்பெற்றன. நாடெங்கும் உள்ள போலீஸ் பயிற்சிக் கூடங்கள் நியூஹால் நிகழ்ச்சியைப் பாடமாய்ப் பயின்றன. அப்பாடத்தால் உயிர் பிழைத்தோர் எத்தனை பேர் என்று எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. நிகழாத மரணத்திற்குக் கணக்கு ஏது?

இத்தகைய பணியில் இருப்போர் ஒருவரை ஒருவர் உறவாகக் கருதுதல் இயல்பே அன்றோ? 1920லேயே, தனிப்படை தோன்றுவதற்கு முன்னரே, சாலைக் காவலர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அவர்களுடைய வானொலிக் குறியீட்டில் '11-99' என்றால், காவலர் ஒருவர் உயிராபத்தில் இருக்கிறார், உடனே வருக என்று பொருள். 1981இல் அந்த எண்ணையே பெயராகக் கொண்டு ஓர் அறநிலையம் எழுந்தது. துன்புற்ற காவலர் குடும்பங்களுக்கு அது உதவுகிறது. அவர்தம் மக்கள் கல்லூரியில் பயில உதவித்தொகை அளிக்கிறது. மேற்குச் சாக்ரமெண்டோவில் உள்ள பயிற்சிக் கழகத்தில், பணியில் உயிர்நீத்தோர் பெயர்களைத் தாங்கிய நினைவு நீரூற்று ஒன்று இருக்கிறது. புதிதாய்ப் பயில வரும் இளைஞர் நாள்தோறும் அதன் முன்னே நடந்து செல்கின்றனர். பாடநூல் கற்பிக்காத பாடத்தை அது கற்பிக்கும்.

உங்களைப் போன்ற மாணவர்களுக்காக அப்படையினர் நடத்தும் ஒரு நிகழ்ச்சியைக் கூறி என் உரையை முடிக்கிறேன். அதன் பெயர் 'பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை' என்பது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நேரும் சாவுகளின் கொடுமையை உணர்த்த இட்ட பெயர் அது. இரண்டு நாட்கள் உயர்நிலைப் பள்ளியில் இது நடைபெறும். முதல் நாள் மாணவர் சிலர் ஒவ்வொருவராய் வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லப்படுவர். அவர்கள் இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும். முகத்தில் வெள்ளைப் பூச்சுடன் திரும்பி வருவர். அன்று முழுதும் எவருடனும் பேசார். பள்ளி வாயிலில் ஒரு விபத்தை நடித்துக் காட்டுவர். அன்றிரவு அம்மாணவர் தம் வீட்டிற்கும் செல்வதில்லை. மறுநாள் அனைவரும் அவையில் கூடுவர். அன்றே உயிர் போயிருந்தால் பெற்றோரிடம் எதைச் சொல்லாது விட்டிருப்போம் என்பதை எழுதிய கடிதங்கள் அங்கே படிக்கப்படும். பெற்றோர் கேட்டிருப்பர். நாடகம் என்று அறிந்தும் அவையில் கண்ணீர் பெருகும்.

இதனை முன்னின்று நடத்துவோர், உண்மையான விபத்துக்களின்பின், உண்மையான வீடுகளின் கதவைத் தட்டி, உண்மையான பெற்றோரிடம் அச்செய்தியைச் சொல்ல நேர்ந்தவர்கள். மற்றொரு கதவைத் தட்டும் நாள் வரக்கூடாது என்பதற்காகவே அவர்கள் பள்ளியின் வாயிலுக்கு வருகின்றனர்.

"சாலைக் காவலுக்குமா வரலாறு உண்டு?" என்று கேட்ட என் மாணவர் இதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இனி என்னை யாரேனும் சாலையில் நிறுத்தினால், அவர் முகத்தைப் பார்ப்பேன்" என்றார். அவர் சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: "நாளை நிறுத்தும் இடத்தில் நீயே நிற்க நேரலாம், அன்று வண்டிக்குள் இருப்பவர் முகத்தையும் மறவாது பார்." கை நீட்டுபவரும் நிற்பவரும் ஒருவரை ஒருவர் மனிதராய்க் காணும் நாட்டில், சாலை அச்சமின்றி நீளும்.