வால் துடுப்பில் ஏறிய கொடி

பழனியில் தைப்பூசத்துக்கான கொடி பெரியநாயகி அம்மன் கோயிலில் ஏறும். பங்குனி உத்திரத்துக்கானது அடிவாரத்துத் திருஆவினன்குடியில் ஏறும். மஞ்சள் துணியில் வேலும் மயிலும் சேவலும் எழுதிய அந்தக் கொடியைப் பார்த்துத்தான் இது முருகன் ஊர் என்று ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மலை கண்ணெதிரே நிற்கிறது. ஆனாலும் கொடி ஏறினால்தான் விழா தொடங்கியதாகக் கணக்கு. அப்போது காப்புக் கட்டி நோன்பு ஏற்றவர் விழா முடியும்வரை அதற்குக் கட்டுப்பட்டவர். அந்தக் கொடி ஊருக்கு அடையாளம் என்பதைவிட, விழாவில் சேர்ந்தவர்களை ஒன்றாகக் கட்டும் கயிறு என்பதே பொருத்தம். போர் விமானப் படையணிகளின் சின்னங்கள் எப்படிப் பிறந்தன என்று கேட்கும்போதும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவை ‘அடையாளம் காண்பதற்காக’ வந்தவை என்பதே வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான் என்பது என் வாதம்.

அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பிரான்சுக்குப் போனபோது, மேலே பறப்பது யாருடையது என்று தரையில் இருந்த சிப்பாய்க்குத் தெரியவில்லை. பறந்ததையெல்லாம் சுட்டான், சொந்த விமானமும் தப்பவில்லை. இறக்கையின் அடியில் பிரிட்டிஷ் கொடியை வரைந்து பார்த்தார்கள். உயரத்தில் நீலமும் வெள்ளையும் மங்கிப்போய், நடுவில் இருந்த சிலுவை மட்டும் தெரிந்தது. ஜெர்மானியரின் குறியும் சிலுவைதான். எனவே அந்த ஆண்டு முடிவதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் 1912 முதலே பயன்படுத்திவந்த மூவண்ண வட்டத்தை, நிறவரிசையைத் திருப்பிப்போட்டு ஏற்றுக்கொண்டார்கள். இது நாட்டுக்குறி. படையணிக் குறி அதற்குப் பிறகு, 1916 வாக்கில் வந்தது: உடற்பகுதியில் ஒரு பட்டை, இரண்டு பட்டை, வட்டம், பிறை, முக்கோணம். புகையும் மேகமும் நிறைந்த வானில் தன் அணியைத் தவறவிட்ட விமானி திரும்பிச் சேர இவை உதவின. இதுவரை வழக்கமான விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே போரில், அதே ஆண்டுகளில், இந்த விளக்கத்துக்குள் அடங்காத இன்னொன்று நடந்தது. பிரெஞ்சு விமானிகள் நாரை வரைந்தார்கள். அமெரிக்காவின் 94-வது அணி வளையத்துக்குள் வீசிய தொப்பியை வரைந்தது. இத்தாலியின் பிரான்செஸ்கோ பராக்கா முன்னங்கால் தூக்கிய கருங்குதிரையை வரைந்தார். பராக்கா விமானி ஆவதற்கு முன் குதிரைப்படை அதிகாரி. அந்தக் குதிரை அவருடைய பழைய படைப்பிரிவின் சின்னத்திலிருந்து வந்தது என்பார்கள். தொலைவிலிருந்து பார்க்கிறவனுக்கு நாரையின் கழுத்தும் குதிரையின் வாலும் எதற்கு? தடித்த பட்டை ஒன்றே போதும். நுணுக்கமாக வரைந்த படம் பக்கத்தில் நிற்கிறவனுக்கானது. காலையில் ஓடுபாதை ஓரம் அந்த விமானத்தில் ஏறப்போகிறவனும், அதன் எஞ்சினைத் துடைக்கிறவனும்தான் அதைப் பார்க்கப்போகிறார்கள்.

இந்த இரண்டு வேலைகளும் ஒரே குறிக்குள் சேர்ந்திருந்ததால்தான் நாம் குழம்புகிறோம். 1938-ல் அவை பிரிந்தன. மியூனிக் நெருக்கடியில் போர் வாசலுக்கு வந்ததும், பிரிட்டிஷ் போர் விமானங்களில் அதுவரை பளபளத்த கட்டங்களும் கோடுகளும் மறைவண்ணத்துக்கு அடியில் போயின. அவற்றின் இடத்தில் இரண்டே எழுத்துகள் வந்தன. பின்னர் 234-வது அணிக்கு ஏ, இசட். 264-வது அணிக்கு பி, எஸ். அடையாளம் காணும் வேலையை இந்த எழுத்துகளே முழுதும் செய்து முடித்தன. அப்படியானால் படச்சின்னம் அன்றோடு செத்திருக்க வேண்டும். சாகவில்லை. 1936 முதல் மன்னரின் ஒப்புதலோடு வழங்கப்பட்ட அணிச்சின்னங்கள் போர்க்காலம் முழுவதும் தொடர்ந்து வழங்கப்பட்டன. விமானத்தில் இடமில்லாதபோது உணவுக்கூடச் சுவரிலும் கடிதத்தாளிலும் வாழ்ந்தன.

மேலே சொன்ன இரண்டு அணிகளையும் வேண்டுமென்றே எடுத்தேன். இரண்டுக்கும் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பழனியையும் உள்ளடக்கிய நம் சென்னை மாகாணம் அளித்த போர்நிதிக்கு நன்றியாகச் சூட்டப்பட்ட பெயர் அது. 1940-ல் பிரிட்டன் வானில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது 234; டன்கிர்க் மேலே டிஃபையன்ட் ஓட்டியது 264. ஆனால் 234-ன் சின்னம் தீ உமிழும் டிராகன், 264-ன் சின்னம் தலைக்கவசம். பணம் கொடுத்த மாகாணத்தின் சாயல் இரண்டிலும் இல்லை. ஹைதராபாத் பெயர் தாங்கிய அணிகளைப் பாருங்கள்: 110-ன் சின்னத்தில் புலி, 152-ன் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகை. ஹைதராபாத் நிஜாம் என்ற ஒரு மனிதர் கொடுத்தபோது அந்த உறவு சின்னத்தில் ஏறியது. முகமற்ற ஒரு மாகாணத்தின் மக்கள் கொடுத்தபோது பெயரோடு நின்றுவிட்டது. ரூபாய் ரூபாயாகக் கொடுத்தவர்களை நினைத்தால் இது வருத்தம் தருகிறது. யாரோடு யார் கட்டுண்டவர் என்ற கேள்வியே சின்னத்தை முடிவுசெய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பர்மா போர்முனையில் ஜப்பானியரின் செஞ்சூரியக் குறியோடு குழம்பக்கூடாது என்று பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். 1944-ல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் போரிட்ட இந்தியாவின் 1-வது அணியும் நீல வட்டத்தோடுதான் பறந்தது. உயிர் போகும் இடத்தில் அடையாளம்தானே முக்கியம் என்று கேட்கலாம். முக்கியம்தான். ஆனால் மாறியது நாட்டுக்குறி. கண் ஏமாறும் இடமெல்லாம் அது மாற்றப்பட்டிருக்கிறது. அதன் இயல்பே அது. 1-வது அணியின் புலிச் சின்னத்தை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

இன்னொரு மறுப்பு நம் இலக்கணத்திலிருந்தே எழும். பெரும்படைகள் பனம்பூவும் வேம்பும் ஆத்தியும் சூடுவது, பகை மிகுந்த களத்தில் இன்ன வேந்தன் படை என்று தெரிவதற்காக என்று தொல்காப்பியப் புறத்திணையியல் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. 1916-க்கும் அதற்கும் நேர்வழித் தொடர்பு எதுவும் கிடையாது. ஒரே தேவைக்கு இரண்டு காலங்கள் கண்ட விடை என்ற அளவில் சரி. ஆனால் புறநானூற்றின் 45-ஆம் பாட்டில் கோவூர் கிழார் என்ன செய்கிறார்? உறையூர்க் கோட்டைக்கு உள்ளே நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்ட நலங்கிள்ளி. இருவரும் சோழர், இருவர் தலையிலும் ஆத்தி. எதிரியைப் பிரித்துக்காட்ட அந்தப் பூ அங்கே உதவாது. பூ பனையும் அல்ல, வேம்பும் அல்ல, இருவருடையதும் ஆத்தியே என்று சுட்டிக்காட்டி, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார் புலவர். அடையாளம் காட்டத் தவறிய இடத்திலும் சின்னம் கட்டு விடாமல் பேசுகிறது.

அந்தக் கட்டு இன்றும் விடவில்லை என்பதை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். பழனியிலிருந்து உடுமலை, பல்லடம் தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம். 2020 மே 27 அன்று இந்திய விமானப்படையின் 18-வது அணி அங்கே தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களைத் தனியாக எதிர்கொண்டு வீழ்ந்த நிர்மல்ஜித் சிங் செகோன் இந்த அணிக்காரர். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் ஓட்டிய நாட் விமானம் இன்று இல்லை. பின்னர் வந்த மிக்-27-ம் ஓய்வுபெற்றது. 2016-ல் அணியே கலைக்கப்பட்டது. விமானம் வேறு, தளம் வேறு, ஆட்கள் வேறு. திரும்பி வந்தது 18 என்ற எண்ணும் ‘பறக்கும் தோட்டாக்கள்’ என்ற பெயரும்தான். கண்ணுக்கு எட்டாத தொலைவில் ரேடாரும் ஏவுகணையும் போரிடும் இந்தக் காலத்தில், நண்பனா பகைவனா என்பதை மின்னணுக் கருவியே கேட்டுச் சொல்லிவிடுகிறது. படத்தை வைத்து யாரும் யாரையும் வானில் இனங்காணப்போவதில்லை. அடையாளம் மட்டுமே காரணம் என்றால், கலைந்த அணியின் பெயரைத் தேடி எடுத்துச் சூட்டியிருக்க வேண்டியதில்லை.

1947 பிரிவினையும் இதையே காட்டுகிறது. பெஷாவரில் இருந்த 1-வது அணியின் உடைமைகள் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. 1953-ல் இந்தியா தன் 15-வது அணியின் எண்ணை மாற்றி 1-வது அணியாக்கியது. இம்பால் புலியின் தொடர்ச்சி அறுந்துபோகக்கூடாது என்பதே நோக்கம். 5, 6, 9 என்ற எண்கள் பாகிஸ்தான் பங்குக்குச் சென்றன. இந்தியாவும் பின்னர் அதே எண்களில் அணிகளை எழுப்பியது. 1965-லும் 1971-லும் இந்த இரு படைகளும் மோதிக்கொண்டபோது, ஒரே தாய்ப்படையின் எண்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தன. ஆத்தி சூடிய இருவரையும் பார்த்துப் பேச அன்று ஒரு கோவூர் கிழார் இல்லை.