இன்னொரு டேப் திறந்து பாருங்க

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்வெட்டைப் பற்றி இங்கே எழுதி, பிறகு அந்தப் பதிவை நீக்கினேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நான் ஆதாரமா எடுத்த தளம் அவ்வளவு ஒழுங்கா இருந்தது: அடிக்குறிப்பு, வரைபடம், ஆசிரியர் பெயர். அந்த வாசகம் மட்டும் எந்தக் கல்வெட்டுத் தொகுதியிலும் இல்லை. சாஃப்ட்வேரில் பிழை தேடியே சம்பளம் வாங்குகிறவன் எப்படி ஏமாந்தேன்? அதைத் தேடப்போய் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் கதைக்குள் விழுந்தேன்.

தகவலைத் தேடி, எடைபோட்டு, பயன்படுத்தும் திறனுக்குத் 'தகவல் அறிதிறன்' என்று பெயர். 1974இல் இந்தச் சொல்லைக் கொண்டுவந்த பால் சுர்கோவ்ஸ்கி நூலகரே இல்லை, தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவர்! சொல்லை நூலகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேர வகுப்பு போதாமல் இணையப் பாடங்கள் வந்தன. 2005இல் யூடியூப் வந்த பிறகு, கணினித் திரையைப் பதிவுசெய்த குட்டி வீடியோக்கள் பெருகின.

அவற்றில் பலவும் சொல்லிக்கொடுத்தது ஒரு பட்டியலை. கலிஃபோர்னியாவில் சிகோ பல்கலைக்கழக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004இல் எழுதிய 'கிராப்' சோதனை: எப்போது எழுதியது, நமக்குத் தேவையா, யார் எழுதியது, சரியா, நோக்கம் என்ன. நல்ல கேள்விகள்தான். ஆனா மாணவர்கள் பதிலை அந்தப் பக்கத்துக்குள்ளேயே தேடினார்கள். நானும் அதைத்தான் செய்தேன். திருடனிடமே சாவியைப் பற்றி விசாரித்த கதை.

2017இல் ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரைச் சோதித்தார்கள்: 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் தளங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய சங்கம், மற்றது 2002இல் பிரிந்துபோன சின்னக் குழு. மாணவர்களில் பாதிக்கு மேல் சின்னக் குழுவையே நம்பினார்கள். முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றுக்காரர்களும் தடுமாறினார்கள் (எனக்குக் கொஞ்சம் ஆறுதல்). சரிபார்ப்பாளர்கள் தளத்தைப் படித்துக்கொண்டே இருக்கவில்லை. சட்டென்று புது டேப் திறந்து, இவங்க யாருன்னு வெளியே விசாரித்தார்கள்.

இதைப் பட்டியலாக எழுதினால் மண்டையில் ஏறாது. கை எங்கே போகுதுன்னு பார்க்கணும். வீடியோவுக்கு உண்மையான வேலை இங்கேதான். அந்த ஸ்டான்ஃபோர்ட் குழுவும் சேர்ந்து உருவாக்கிய 'கிராஷ் கோர்ஸ்' தொடர், ஜான் கிரீன் நடத்த, 2019 ஜனவரியில் பத்து பகுதிகளாக யூடியூபில் தொடங்கியது.

முதல் சில பகுதிகளை அக்கா பையனுக்குக் காட்டினேன், இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். என்னை ஏமாற்றிய தளத்தைக் கேட்டான். படிக்கவேயில்லை, ஆசிரியர் பெயரைத் தேடலில் போட்டான்.

"மாமா, இவர் ராசிக்கல்லும் விக்கிறாரு."

நீக்கிய பதிவை, எங்கே தவறினேன் என்ற குறிப்போடு இந்த வாரம் திரும்ப ஏற்றுகிறேன்.