செஞ்சி ராஜகிரி: எட்டு வருடமும் ஓர் இரவும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும்போது செஞ்சிக் கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை இறங்கி, ராஜகிரி மேல் ஏறிப் பாருங்கள். சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். கையில் இருந்தால் குரங்குக்குத்தான்.

1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மறைந்த பின் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி இங்கே வந்து தங்கினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல்! அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இடையில் பட்டினி கிடந்தது வெளியே இருந்த படை. மராத்தியக் குதிரைப்படை அவர்களுக்கு வரும் தானியத்தை மறித்துவிட்டது.

எட்டு வருடம் எப்படித் தாங்கியது? உச்சிக்குச் சற்று முன்னால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அங்கே பாறை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் அப்புறம் எவ்வளவு பெரிய படை வந்தாலும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். நடுவில் நின்று கீழே பாருங்கள், புரியும்.

மேலே போனதும் சமவெளியைப் பாருங்கள். 1714-இல் ஆற்காட்டு நவாப் கப்பம் கேட்டுப் படையோடு வந்தபோது, ராஜா தேசிங்கு இந்த மலையை விட்டு வெளியே போய்ப் போரிட்டார். சின்ன வயது, கொஞ்சம் குதிரைவீரர்கள். அன்றே மாண்டார். கூட நின்று உயிர்விட்டவர் நண்பர் மகபத்கான். கதைப்பாட்டு அவர்களைக் கொண்டாடுகிறது. எனக்கோ, மேலே நிற்கும்போதெல்லாம் ‘ஏன் இறங்கினாய் தம்பி?’ என்று கேட்கத் தோன்றும்.

சரி, உள்ளேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அதையும் சொல்ல முடியாது. 1750-இல் முகமது அலியின் தோற்றுப்போன படை இதே கோட்டைக்குள் ஒதுங்கியது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வாசலை வெடிவைத்துத் தகர்த்தார். ஒரே இரவில் மூன்று மலைகளும் கைமாறின. மதில் அதேதான், பாறைப் பிளவும் அதேதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. பிள்ளைகளோடு போனால், சுவரில் பெயர் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நிறையப் பேர் கீறிவிட்டார்கள்.

இறங்கும்போது முட்டி வலிக்கும். அடிவாரத்தில் கல்யாண மகால் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.