ஹெல்சிங்கியில் வீடற்ற நிலை ஒழிப்பு

ஹெல்சிங்கியில் வீடற்ற நிலை ஒழிப்பு என்பது பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் மாநகராட்சி, பின்லாந்து அரசு, அறக்கட்டளைகள் ஆகியவை இணைந்து 1980கள் முதல் மேற்கொண்டுவரும் வீட்டுவசதி நடவடிக்கைகளைக் குறிக்கும். 2008ஆம் ஆண்டு முதல் இவற்றின் அடிப்படையாக இருப்பது "முதலில் வீடு" என்னும் கொள்கை ஆகும். வீடற்ற ஒருவர் குடிப்பழக்கத்தை விட்டு, வேலை தேடிக்கொண்ட பின்னரே வீடு பெறத் தகுதியுடையவர் ஆவார் என்ற பழைய முறைக்கு இது நேர் எதிரானது. இக்கொள்கையின்படி நிலையான வீடு முதலில் வழங்கப்படுகிறது. மருத்துவம், வேலைவாய்ப்பு முதலிய பிற உதவிகள் அதன் பின்னர் வருகின்றன.

1985ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் வீடற்றோர்க்கான காப்பகங்களிலும் விடுதிகளிலும் 2,121 படுக்கைகள் இருந்தன. 2016இல் இவை 52 ஆகக் குறைந்தன. காப்பகங்களை வெறுமனே மூடியதால் இக்குறைவு ஏற்படவில்லை. அவற்றுக்கு ஈடாக வாடகை வீடுகள் உருவாக்கப்பட்டமையே இதற்குக் காரணம் ஆகும்.

வரையறையும் கணக்கெடுப்பும்

பின்லாந்தில் தெருவில் உறங்குவோர் மட்டும் வீடற்றோராகக் கருதப்படுவதில்லை. பின்வரும் பிரிவினரும் கணக்கில் சேர்க்கப்படுகின்றனர்.

* இரவுக் காப்பகங்களிலும் தற்காலிக விடுதிகளிலும் தங்கியிருப்போர்
* வீடு இல்லாததால் மருத்துவமனை முதலிய நிறுவனங்களிலேயே தங்கிவிட்டோர்
* சிறையிலிருந்து விடுதலையாகிச் செல்ல இடமில்லாதோர்
* சொந்த வீடு இல்லாததால் நண்பர், உறவினர் வீடுகளில் மாறிமாறித் தங்குவோர்

2020களின் கணக்கெடுப்புகளில் கடைசிப் பிரிவினரே பெரும்பான்மையினர் ஆவர். கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நவம்பர் மாத நடுப்பகுதியில் நடைபெறுகிறது. வீடற்ற நிலை ஓராண்டுக்கு மேல் நீடித்தாலோ, மூன்றாண்டுகளில் பலமுறை நேர்ந்தாலோ, அதனுடன் உடல்நலச் சிக்கல்களோ சமூகச் சிக்கல்களோ சேர்ந்திருந்தால், அது "நீண்டகால வீடற்ற நிலை" எனப்படுகிறது. பல நாடுகள் தெருவாசிகளை மட்டுமே எண்ணுவதால், பின்லாந்தின் எண்ணிக்கையைப் பிற நாடுகளின் எண்ணிக்கையுடன் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.

வரலாறு

காப்பகங்களின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வீடற்ற நிலை ஒழுக்கச் சிக்கலாகவே பார்க்கப்பட்டது. 1936ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் நிலையான இருப்பிடமின்றி அலைவோரைக் கண்காணிக்கவும் தொழிற்கூடங்களில் அடைக்கவும் இடமளித்தது. இச்சட்டம் 1980களின் பிற்பகுதியில்தான் நீக்கப்பட்டது.

1967ஆம் ஆண்டு பின்லாந்து விடுதலையின் 50ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அதே ஆண்டின் குளிரில் ஹெல்சிங்கியில் மதுவுக்கு அடிமையான வீடற்றோர் பலர் இறந்தனர். இதற்கு எதிர்வினையாக "நவம்பர் இயக்கம்" என்ற குடிமக்கள் இயக்கம் தோன்றியது. மருத்துவர் இல்க்கா தைப்பலே இதன் முன்னோடிகளுள் ஒருவர். இயக்கத்தினரின் வற்புறுத்தலால் மாநகராட்சி அவசரக் காப்பகங்களைத் திறந்தது. ருவோகொலாக்தி பகுதியில் இருந்த பழைய கிடங்கு ஒன்றும் இவ்வாறு காப்பகம் ஆயிற்று. இக்கட்டடத்தை 1979இல் இளைஞர்களும் இசைக்கலைஞர்களும் கைப்பற்றினர். "லெப்பாக்கோ" என்ற பெயரில் இது பின்னர் புகழ்பெற்ற பண்பாட்டு மையமாக விளங்கியது.

காப்பகங்கள் உயிரைக் காத்தன; ஆனால் அங்குத் தங்கியவரின் நிலையை மாற்றவில்லை. ஒருவர் மாலையில் நுழைந்து காலையில் வெளியேற வேண்டியிருந்தது. தமக்கென முகவரியோ, பூட்டக்கூடிய கதவோ அவருக்கு இல்லை. இதனால் பலர் ஆண்டுக்கணக்கில் காப்பகங்களிலேயே காலம் கழித்தனர்.

1985 முதல் 2007 வரை

1985இல் பெருநகரங்கள், பின்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம், திருச்சபை முதலியவை இணைந்து ஓர் அறக்கட்டளையை நிறுவின. பின்னிய மொழியில் "தனித்திருப்பவர்" என்னும் பொருள்தரும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு இது "ஒய் அறக்கட்டளை" எனப்படுகிறது. சாதாரண அடுக்ககங்களில் ஒன்றிரண்டாகச் சிறு வீடுகளை விலைக்கு வாங்கி, அவற்றை வீடற்றோருக்கு வாடகைக்கு விடுவது இதன் தொடக்ககாலப் பணி ஆகும். வீடற்றோர் ஒரே இடத்தில் குவிக்கப்படாமல் நகரம் எங்கும் பரவி வாழ இது வழிவகுத்தது.

வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை 1987ஆம் ஆண்டை அறிவித்தது. நாடளாவிய கணக்கெடுப்பும் அவ்வாண்டு முதல் தொடர்ந்து நடைபெறலாயிற்று. அப்போது பின்லாந்தில் சுமார் 18,000 பேர் வீடற்றவராக இருந்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தது. எனினும் போதைப்பழக்கமும் மனநலக் குறைபாடும் உடைய நீண்டகால வீடற்றோரின் நிலையில் முன்னேற்றம் ஏற்படவில்லை.

படிக்கட்டு முறையும் அதன் தோல்வியும்

அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது "படிக்கட்டு முறை" ஆகும். வீடற்றவர் முதலில் காப்பகத்திலும், பின்னர் மது அருந்தா விடுதியிலும், அதன்பின் பயிற்சி வீட்டிலும் தங்கித் தம் தகுதியை நிறுவ வேண்டும். வாடகை வீடு கடைசிப் படியில் கிடைக்கும். இடையில் மீண்டும் குடித்தால் கீழ்ப்படிக்குத் தள்ளப்படுவார். நோயாளி ஒருவர் தெருவில் இருந்தபடியே குணமடைய வேண்டும் என்று எதிர்பார்த்தமையே இம்முறையின் அடிப்படைக் குறை ஆகும். மிகுந்த உதவி தேவைப்பட்டவர்களே இம்முறையால் முதலில் கைவிடப்பட்டனர்.

"கதவில் பெயர்" அறிக்கை

2007இல் நால்வர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஹெல்சிங்கி மாநகராட்சியின் சமூகநலத் துறைத் தலைவர், ஹெல்சிங்கி ஆயர், மருத்துவர் இல்க்கா தைப்பலே, ஒய் அறக்கட்டளையின் தலைவர் ஆகியோர் இதில் இடம்பெற்றனர். யுகா காக்கினென் செயலராகப் பணியாற்றினார். குழுவின் அறிக்கைக்குக் "கதவில் பெயர்" எனத் தலைப்பிடப்பட்டது. பின்லாந்தின் அடுக்ககங்களில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் குடியிருப்பவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். காப்பகத்தில் தங்குபவருக்கு அவ்வாறு பெயர் எழுத ஒரு கதவு இல்லை என்பதைத் தலைப்பு உணர்த்துகிறது.

வீடு என்பது நன்னடத்தைக்கான பரிசு அன்று, அடிப்படை உரிமை என அறிக்கை வலியுறுத்தியது. ஒவ்வொருவருக்கும் உள்ள வீட்டு உரிமையைப் பொது அதிகார அமைப்புகள் மேம்படுத்த வேண்டும் எனப் பின்லாந்து அரசமைப்பின் 19ஆம் பிரிவும் கூறுகிறது.

இதன் அடிப்படையில் 2008–2011 காலத்துக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. நீண்டகால வீடற்ற நிலையைப் பாதியாகக் குறைப்பது இதன் இலக்கு. ஹெல்சிங்கி உட்படப் பத்து பெருநகரங்கள் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த நகரம் எத்தனை வீடுகளை உருவாக்கும், செலவில் யார் பங்கு எவ்வளவு என்பன அவற்றில் குறிக்கப்பட்டன. துணைப் பணியாளர்களுக்கான செலவை அரசும் நகரங்களும் சரிபாதியாக ஏற்றன. அப்போது வீட்டுவசதி அமைச்சராக இருந்த யான் வாபாவுவோரி பின்னர் 2017 முதல் 2021 வரை ஹெல்சிங்கியின் மேயராகப் பணியாற்றினார்.

காப்பகங்கள் வீடுகளாதல்

பழைய காப்பகக் கட்டடங்களைத் தனித்தனி வீடுகளாக மாற்றியமைத்தது ஹெல்சிங்கித் திட்டத்தின் சிறப்புக்கூறு ஆகும். ஆல்ப்பிக்காத்து வீதியில் இரட்சணிய சேனை நடத்திவந்த, ஏறத்தாழ 250 படுக்கைகள் கொண்ட ஆண்கள் விடுதி இதற்கு எடுத்துக்காட்டு. 1930களில் கட்டப்பட்ட இவ்விடுதி புதுப்பிக்கப்பட்டு, 2012 அளவில் 81 வீடுகள் கொண்ட குடியிருப்பாக மாறியது.

ஹெல்சிங்கியில் ஏற்பட்ட மாற்றத்தைப் பின்வரும் எண்கள் காட்டுகின்றன.

* காப்பக, விடுதிப் படுக்கைகள்: 1985இல் 2,121, 2008இல் 558, 2016இல் 52
* துணைச்சேவையுடன் கூடிய குடியிருப்பு வீடுகள்: 1985இல் 127, 2008இல் 552, 2016இல் 1,309
* வீடற்றோருக்கான தனி வாடகை வீடுகள்: 1985இல் 65; 2008இல் 2,033; 2016இல் 2,433

அவசரக் காப்பகம் முற்றிலும் ஒழிக்கப்படவில்லை. உறைபனிக் காலத்தில் ஓரிரவு தங்கவும், அடுத்த நாளே சமூகப்பணியாளரைச் சந்திக்கவும் உதவும் இடமாக அது சுருக்கப்பட்டது.

செயல்படும் முறை

வீடு பெறுபவர் சட்டப்படியான வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார். ஏனைய வாடகைதாரர்களுக்குரிய உரிமைகளும் கடமைகளும் இவருக்கும் உண்டு. வாடகையை இவரே செலுத்த வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதிய நிறுவனமான "கேலா" வாடகை உதவித்தொகை வழங்குகிறது.

துணைச்சேவையுடன் கூடிய குடியிருப்புகளில் பணியாளர்கள் இரவும் பகலும் இருப்பர். மருத்துவரைப் பார்ப்பது, கடனைத் தீர்ப்பது, விண்ணப்பங்களை நிரப்புவது ஆகியவற்றில் அவர்கள் உதவுவர். இவ்வுதவியைப் பெறுவது கட்டாயம் அன்று. தம் வீட்டினுள் மது அருந்துவது வெளியேற்றத்துக்குக் காரணம் ஆகாது. எனினும் வன்முறை, வாடகை நிலுவை போன்றவற்றால் ஒப்பந்தம் முறியலாம்.

இருக்கும் வீட்டை இழக்காமல் காப்பதும் இம்முறையின் ஒரு பகுதி ஆகும். மாநகராட்சியின் வீட்டு ஆலோசகர்கள் வாடகை நிலுவை தொடங்கும்போதே குடியிருப்பவரை அணுகி, தவணை ஏற்பாடு செய்ய உதவுகின்றனர்.

குறைந்த வாடகை வீடுகள்

கையில் வீடுகள் இல்லாமல் "முதலில் வீடு" என்று அறிவிப்பதால் பயனில்லை. ஹெல்சிங்கியில் இக்கொள்கை நடைமுறைக்கு வரக் காரணமாக இருந்தவை மாநகராட்சியின் நிலமும் வீடுகளும் ஆகும். நகர நிலத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு மாநகராட்சிக்கு உரியது. மாநகராட்சிக்குச் சொந்தமான "ஹேக்கா" என்னும் வீட்டு நிறுவனம் 50,000 அளவிலான வாடகை வீடுகளை நிர்வகிக்கிறது. நகர மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் மாநகராட்சி வீட்டில் வசிக்கின்றார்.

புதிய குடியிருப்புப் பகுதிகளைத் திட்டமிடும்போதே பலவகை வீடுகளும் கலக்கப்படுகின்றன. 2010களின் இறுதியில் 25 விழுக்காடு சமூக வாடகை வீடுகள், 30 விழுக்காடு மானிய உதவி பெறும் வீடுகள், 45 விழுக்காடு சந்தை விலை வீடுகள் என்ற பகிர்வு பின்பற்றப்பட்டது. ஏழைகளின் பகுதி, செல்வர்களின் பகுதி என நகரம் பிளவுபடாதிருக்க இது உதவுகிறது.

ஒய் அறக்கட்டளை நாடு முழுவதும் 18,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டு, பின்லாந்தின் பெரிய வீட்டுவாடகை அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது.

விளைவுகள்

முதல் திட்டம் 1,250 வீடுகளை உருவாக்கத் திட்டமிட்டு, அதனைவிடக் கூடுதலான வீடுகளை உருவாக்கியது. ஆனால் நீண்டகால வீடற்ற நிலை பாதியாகக் குறையவில்லை. சுமார் 28 விழுக்காடே குறைந்தது. 2015க்குள் அதனை முற்றிலும் ஒழிப்பது இரண்டாம் திட்டத்தின் இலக்காக இருந்தது. அதுவும் எட்டப்படவில்லை. எனினும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வீடற்றோர் பெருகிய அதே காலத்தில் பின்லாந்தில் அவர்கள் தொடர்ந்து குறைந்தனர். 2008இல் சுமார் 8,000 ஆக இருந்த மொத்த எண்ணிக்கை 2020இல் 4,341 ஆகவும், 2023இல் 3,429 ஆகவும் குறைந்தது.

தம்பெரெ நகரின் குடியிருப்பு ஒன்றில் நடத்தப்பட்ட சிறிய ஆய்வு, மருத்துவமனை, காவல்துறை முதலிய சேவைகளின் பயன்பாடு குறைவதால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14,000 யூரோ மிச்சமாகிறது என மதிப்பிட்டது. ஆய்வில் இடம்பெற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் இதனைப் பொது அளவாகக் கொள்ள இயலாது.

விமர்சனங்கள்

* போதைப்பழக்கம் உடைய பலரை ஒரே கட்டடத்தில் குடியமர்த்துவது அப்பழக்கத்தை விடுவதைக் கடினமாக்குகிறது என்று சிலர் கருதுகின்றனர். நகரெங்கும் பரவிய தனி வீடுகளே சிறந்தவை என்பது இவர்களின் வாதம்.
* புதிய குடியிருப்புகள் அறிவிக்கப்படும்போது அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தது உண்டு. தெருக்களைத் தூய்மை செய்தல், குறைகளைக் கேட்டறிதல் போன்ற பணிகளில் குடியிருப்போரும் பணியாளர்களும் ஈடுபடுவதன் மூலம் இவ்வெதிர்ப்பைத் தணிக்க முயல்கின்றனர்.
* வீடு கிடைத்த பின்னரும் தனிமையும் வேலையின்மையும் தொடர்கின்றன.
* வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் இத்திட்டத்தின் பயனைப் பெறுவதில்லை.

அண்மைக்கால நிலை

2025க்குள் வீடற்ற நிலையை ஒழிப்பதாக ஹெல்சிங்கி மாநகராட்சியின் 2021–2025 செயல்திட்டம் அறிவித்தது. இவ்விலக்கு நிறைவேறவில்லை. 2024 நவம்பர் கணக்கெடுப்பில் நாட்டின் வீடற்றோர் எண்ணிக்கை 3,806 ஆக உயர்ந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்த வீழ்ச்சி இத்துடன் முடிவுக்கு வந்தது. வெளியிலும் அவசரக் காப்பகங்களிலும் இரவைக் கழிப்போரும் அதிகரித்தனர்.

2024 ஏப்ரலில் வாடகை உதவித்தொகை, ஏற்கத்தக்க வீட்டுச் செலவில் 80 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பிற சமூகநல உதவிகளும் குறைக்கப்பட்டன. வீடற்றோர் அமைப்புகள் இவற்றையே உயர்வுக்கு முதன்மைக் காரணமாகச் சுட்டுகின்றன. வீடற்றோர் திட்டங்களை வழிநடத்திய வீட்டுவசதி நிதி, மேம்பாட்டு மையம் 2025இல் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. மறுபுறம், 2027க்குள் நீண்டகால வீடற்ற நிலையை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் ஒன்றும் நடைமுறையில் உள்ளது. வாடகையைச் செலுத்த உதவும் தொகை குறையும்போது, கட்டி முடிக்கப்பட்ட வீடுகளைக் கொண்டு மட்டும் இக்கொள்கையை நிலைநிறுத்த முடியுமா என்பது ஹெல்சிங்கி எதிர்கொள்ளும் கேள்வி ஆகும்.