கூசுது சார்!

சந்தனம் வைத்தாகிவிட்டது. குங்குமம் வைத்தாகிவிட்டது. புது லேப்டாப் மேஜைமேல் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. அலுமினிய உடம்பு. சார்ஜரைச் செருகிவிட்டு, ஏதோ ஒன்று டவுன்லோடு ஆகிற நேரத்தில் சும்மா இருக்காமல் அதன் முதுகைத் தடவிக் கொடுக்கிறீர்கள். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

எங்கேயோ இடிக்கிறது.

வழவழவென்று இருக்கவேண்டிய தகடு, சொரசொரக்கிறது. நைஸான மணலை ஒரு சிட்டிகை தூவிவிட்ட மாதிரி. விரல் நுனியில் மெல்லியதாக ஒரு ரீங்காரம். விரலை நிறுத்தினால் காணோம். நகர்த்தினால் மறுபடியும் ர்ர்ர்...

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுத் தொடச் சொல்கிறீர்கள். "ஒண்ணும் தெரியலையே. உங்களுக்கு நரம்புத் தளர்ச்சியா இருக்கும்" என்று போய்விடுகிறார். (அவர் காலில் ரப்பர் செருப்பு, உங்கள் காலில் ஒன்றுமில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) பக்கத்து வீட்டுப் பையன் டெஸ்டரை எடுத்து வந்து வைத்துப் பார்க்கிறான். லேசாக எரிகிறது! கடைக்கு போன் போட்டால், "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள்.

பெரும்பாலும் சரியான பதில்தான். ஆனால், ஏன் அப்படித்தான் இருக்கும்? இதற்கு 1874ஆம் வருஷத்துக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் ஒரு வீட்டுக் குளியலறைக்குள்.

வீட்டுக்காரர் பெயர் எலிஷா கிரே. ஒஹையோ மாநிலத்தில் 1835இல் பிறந்தவர். தச்சு வேலை, கொல்லு வேலை எல்லாம் பார்த்துக்கொண்டே படித்து முன்னேறிய மனிதர். தந்திக் கருவிகளில் கில்லாடி. பிற்பாடு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்று பெரிதாக வளர்ந்த கம்பெனியைத் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவர்.

அன்றைக்கு அவருடைய அக்கா பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ ஒரு பையன், சின்னக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான். என்ன வேடிக்கை? ஷாக் அடித்துக்கொள்ளும் வேடிக்கை. பாட்டரியில் ஓடும் இண்டக்‌ஷன் காயில் ஒன்று. அதன் ஒரு முனையைக் குளியல் தொட்டியின் துத்தநாகத் தகட்டில் மாட்டியிருந்தான். தொட்டியில் தண்ணீர் இல்லை. மறுமுனை அவனுடைய இடது கையில். வலது கையால் தொட்டியைத் தொடுவான், துள்ளுவான், குழந்தைகள் சிரிக்கும்.

நாமாக இருந்தால் முதுகில் ஒன்று போட்டுக் காயிலைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்திருப்போம். கிரே காதைத் தீட்டிக்கொண்டார். பையனின் கை தகட்டில் வழுக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் கைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ங்ங்ங் என்று. காயில் துடிக்கிற சத்தமும் அதுவும் ஒரே சுருதி!

பையனை நகரச் சொல்லிவிட்டுத் தானே கம்பியைப் பிடித்துக்கொண்டு தேய்த்துப் பார்த்தார். அழுத்தி, வேகமாகத் தேய்த்தால் காயிலின் சத்தத்தைவிடக் கைச்சத்தம் பெரிதாகக் கேட்டது. காயிலின் துடிப்பை மாற்றினார். கைக்கடியில் சுருதியும் மாறியது. அதாவது, கம்பி வழியே சுருதி போகிறது. ஒரு முனையில் ஸ வாசித்தால் மறுமுனையில் ஸ.

மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வருஷமே உத்தியோகத்தை விட்டார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எஃகு நாக்கு வைத்து, பியானோ மாதிரிக் கட்டைகள் அமைத்து, இசைத் தந்தி என்று ஒன்றைச் செய்தார். 1874 டிசம்பர் 29ஆம் தேதி, சிகாகோ பக்கத்தில் ஹைலண்ட் பார்க் என்ற ஊரின் சர்ச்சில் தந்திக் கம்பி வழியாகப் பாட்டு வாசித்துக் காட்டினார். ஜனங்கள் வாய் பிளந்தார்கள்.

பாட்டு போகுமென்றால் பேச்சு போகாதா? போகும் என்று கிரேவுக்குத் தெரிந்திருந்தது. சோகம் அங்கேதான் ஆரம்பம். அவருக்குப் பணம் போட்டவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஒயிட். பல் வைத்தியச் சாமான்கள் தயாரிப்பவர். ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்பும் கருவி செய், அதில்தான் காசு. பேசுகிற விளையாட்டுப் பொருளெல்லாம் எதற்கு என்பது அவர் கட்சி. கிரேவும் ஏறக்குறைய அதே கட்சியில்தான் இருந்தார். நானும் பி.காம். படித்தவன், ஒயிட்டை ஒரேயடியாகத் திட்ட மனசு வரவில்லை. 1875இல் தந்தி என்பது பணம் காய்க்கும் மரம். டெலிபோனுக்கு ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. எந்த ஆடிட்டரைக் கேட்டிருந்தாலும் தந்தி என்றுதான் சொல்லியிருப்பார்.

1876 பிப்ரவரி 14. பேசும் தந்திக்கான முன்னறிவிப்பு மனு ஒன்றைக் கிரேவின் தரப்பு வாஷிங்டன் பேடண்ட் ஆபீசில் கொடுத்தது. அதே நாளில் அதே ஆபீசில் இன்னொரு மனு. அலெக்சாண்டர் கிரகாம் பெல். யார் முதலில் உள்ளே நுழைந்தார்கள், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற சண்டை 150 வருஷமாகியும் ஓயவில்லை. வக்கீலும் ஒயிட்டும், அதை விட்டுத் தள்ளுங்கள் என்றார்கள். கிரே விட்டுத் தள்ளினார். மார்ச் 7ஆம் தேதி பெல் கையில் பேடண்ட். 1901இல் கிரே இறக்கும்போது ஊரெல்லாம் டெலிபோன் மணி அடித்துக்கொண்டிருந்தது.

சரி, தொட்டிக்குத் திரும்புவோம். கைக்கடியில் ஏன் சத்தம்? டென்மார்க்கின் ஜான்சன், ராபெக் என்ற இரண்டு எஞ்சினியர்கள் இதே ரகமான மின் ஒட்டுதலைக் கல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஆராய்ந்து 1923இல் கட்டுரை எழுதினார்கள். ஆனால், விரல் விஷயத்தைப் பிடித்தவர் எட்வர்ட் மாலின்க்ராட் ஜூனியர். செயின்ட் லூயிஸ் நகரத்து ரசாயனக் கம்பெனி முதலாளி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்கு யுரேனியம் சுத்தம் செய்து கொடுத்த கம்பெனி அது. சாமானியப்பட்ட ஆளில்லை.

ஆனால், அவர் கண்டுபிடித்ததோ வீட்டு பல்ப் ஹோல்டரில். பித்தளை ஹோல்டர். விளக்கு அணைந்திருக்கும்போது தடவினால் வழவழ. எரியும்போது தடவினால் அந்த வழவழப்பு இல்லை. எத்தனை கோடிப் பேர் பல்ப் ஹோல்டரைத் தொட்டிருப்பார்கள்! எழுபது வயதைத் தாண்டிய இந்த மனிதர் மட்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்யூஸையும் ஸ்லீட்டரையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார். அலுமினியத் தகட்டில் வார்னிஷ் பூசி, கரண்ட் கொடுத்து, தடவித் தடவிப் பார்த்து, 1953இல் 'சயின்ஸ்' பத்திரிகையில் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள்.

விஷயம் இதுதான். உங்கள் விரலின் மேல்தோல் செத்த தோல். காய்ந்திருந்தால் மின்சாரத்தை எளிதில் விடாது. அதற்குக் கீழே ஈரமான சதை, மின்சாரம் கடத்தும். எதிரே உலோகத் தகடு. ஆக, நடுவில் மெல்லிய தடுப்பு, இரண்டு பக்கமும் கடத்தி. இதற்குப் பெயர் கெபாசிட்டர். இரண்டு பக்கமும் எதிரெதிர் மின்னூட்டம் சேரும்போது ஒன்றையொன்று இழுக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு இழுப்பு. நொடிக்கு 100 தடவை தகடு உங்கள் விரலைப் பிடித்துப் பிடித்து விடுகிறது.

அந்த இழுப்பு ரொம்பப் பலவீனம். சும்மா வைத்த விரலுக்குத் தெரியாது. நகர்த்தினால்தான் உராய்வு கூடிக் குறைந்து தோல் அதிர்கிறது. வியர்த்த விரலுக்கும் தெரியாது. 1983இல் நார்வேக்காரர் கிரிம்னஸ் இதற்கு மின்னதிர்வு என்ற பொருளில் பெயர் வைத்தார். மைக்ரோஆம்பியர் அளவே போதும் என்றும் எழுதினார். அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கணக்கு.

லேப்டாப்புக்கு இது எப்படி வந்தது? சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்தையும், லேப்டாப்புக்குப் போகும் பக்கத்தையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால், ரேடியோ டிவிக்குத் தொந்தரவு தரும் இரைச்சலை அடக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி கெபாசிட்டர் பாலம் போட்டிருக்கும். உயிர் காக்கும் தரத்தில் செய்யப்படுவது, ஒய் கெபாசிட்டர் என்பார்கள். 2.2 நேனோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதிகபட்சம் 0.16 மில்லிஆம்பியர் கசியும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால்? கணக்குப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன்: எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோமில்லையா? லேப்டாப்பின் தகடுதான் அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட். வெறுங்காலோடு தரையில் நிற்கும் நீங்கள் வந்து தொட்டதும் உங்கள் பேரில் பற்று எழுதப்படுகிறது. ரப்பர் செருப்புக்கு வாசல் சாத்தியிருக்கும்.

பிளாஸ்டிக் உடம்பு லேப்டாப்புகளில் இந்த வம்பு அதிகம் தெரியவில்லை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து ஒரு அலுமினிய லேப்டாப்பை உருவிக் காட்டினார். பிறகு எல்லோருக்கும் உலோக உடம்பு ஆசை. கூச்சமும் கூடவே வந்தது.

சரி, ஆபத்தா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்றொரு பேராசிரியர் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களுக்குக் கரண்ட் கொடுத்து அளந்தவர். கம்பியைப் பிடித்திருக்கும் ஆணுக்கு, கரண்ட் போகிறது என்று தெரியவே சராசரியாக 1.1 மில்லிஆம்பியர் வேண்டும். 16 வாக்கில் பிடித்த கையை விடமுடியாமல் போகும். பெண்களுக்கு இரண்டுமே இன்னும் குறைவு. இந்தச் சாதனங்களுக்குப் பல வருஷம் உலக அளவில் இருந்த தர விதியோ, எர்த் இல்லாத தகட்டிலிருந்து 0.25க்குமேல் கசியக்கூடாது என்றது. ஆகவே, விரலை நகர்த்தும்போது மட்டும் ர்ர்ர் என்றால் பயம் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கியதும் அது காணாமல் போகவேண்டும். ஆனால், சும்மா தொட்டாலே சுருக்கென்கிறது, முழங்கை வரை இழுக்கிறது என்றால் அது கூச்சமில்லை, ஷாக். அந்த சார்ஜரை அன்றைக்கே தூக்கிப்போடுங்கள். முக்கியமாக, ஒரிஜினல் மாதிரியே இருக்கும் மலிவு சரக்கு என்றால். உள்ளே அந்தப் பாலத்துக்கு என்ன போட்டிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

வேடிக்கையைக் கேளுங்கள். இந்தக் கூச்சத்தையே வேலைக்கு வைத்துவிட்டார்கள். 2010இல் டிஸ்னி ஆராய்ச்சிக்கூடம், வெறும் கண்ணாடித் தொடுதிரையில் விரலுக்குச் சொரசொரப்பைக் காட்டியது. சிப் ஃபாக்டரிகளில் சிலிக்கன் வட்டை ஆடாமல் பிடித்து வைப்பதற்கு ஜான்சன்-ராபெக் இழுப்பு பயன்படுகிறது. உங்கள் லேப்டாப்பின் மூளையையேகூட அந்தப் பிடி பிடித்திருக்கலாம்.

இன்னொரு சின்ன வேலை பாக்கி. சார்ஜரில் இரண்டு பின்தான் என்றால் எர்த் பேச்சே கிடையாது, விடுங்கள். மூன்று பின் இருந்தும் கூசுகிறதென்றால், ப்ளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் அந்த ஓட்டை அழகுக்குத்தான் இருக்கிறது. லேப்டாப்புக்கு அது இல்லாவிட்டால் கூச்சம். அதே வீட்டில் கிரைண்டருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் அது இல்லாவிட்டால் உயிர். வயர் இருந்தாலும், வீட்டுக்கு வெளியே உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி ஒன்று இருக்கும். கோடையில் காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றவேண்டும். கடைசியாக எப்போது ஊற்றினீர்கள்?